கையில் என்ன மிஞ்சும்?



சென்ற வாரம் நம் சேகரக் குழு கூடியது. கூரை ஒழுகல், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர், கீத பவனிக்கான தேதி என்று பல காரியங்களைப் பேசி முடித்தபின் கடைசியாக ஒரு சிறிய விஷயம் எஞ்சியிருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வாண்டு கிறிஸ்துமஸ் பரிசாக எதை வாங்குவது? ஐந்து நிமிடத்தில் முடியும் என்று எண்ணியே அதைக் கடைசியில் வைத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, முடியவுமில்லை.

காரணம் நான்தான். சென்ற ஆண்டு டிபன் பாக்ஸ் கொடுத்தோம். அதற்கு முந்தின ஆண்டு தண்ணீர் பாட்டில். அதற்கும் முன்னால் என்ன கொடுத்தோம் என்று கேட்டேன். குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை. பிள்ளைகளுக்கு நினைவிருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தத் தொகையைக் கொண்டு இந்த ஆண்டு பேருந்துகள் அமர்த்தி, பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஒரு நாள் இடையன்குடிக்கு அழைத்துச் செல்வோம் என்றேன். அப்போது, நான் மிகவும் மதிக்கிற ஒரு மூப்பர் எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிதான் ஐயா. பஸ்ஸில போயிட்டு வந்தா பிள்ளைங்க கையில என்ன மிஞ்சும்?"

நேர்மையான கேள்வி அது. அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வாரத் தியானத்தை இதற்கென்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு முன் நீங்கள் ஒவ்வொருவரும் இதை உங்கள் வீட்டில் வைத்துப் பேசவேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் என் வீட்டுக் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறருக்குப் பிரசங்கிக்கிறவன் தன் குற்றத்தை மறைக்கக் கூடாது.

என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு நாங்கள் வேறொரு சேகரத்தில் இருந்தோம். அதில் பல கிராம ஆலயங்கள். டிசம்பர் மாதம் முழுவதும் நான் வீட்டில் தங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டு நட்சத்திரத்தைக் கடையில் வாங்காமல் நாமே செய்வோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மூங்கில் சிம்புகளைச் சீவி வைத்தாள். கண்ணாடித்தாள் வாங்கி வந்தாள். மைதா பசை காய்ச்ச அவள் அம்மாவைத் தயாராக்கினாள். நான் வரவில்லை. நாளை என்றேன், ஞாயிறு கழியட்டும் என்றேன், இறுதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நகரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரத்தையும், மனச்சாட்சி உறுத்தியதால், அவள் உயரத்தில் பாதி இருக்கும் பேசும் பொம்மை ஒன்றையும் வாங்கி வந்தேன். அந்நாளில் என் சம்பளத்துக்கு அது பெரிய விலை. அவள் நன்றி சொன்னாள். இரண்டு நாள் விளையாடினாள். நான் நிம்மதியாகப் புத்தாண்டு ஆராதனைக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்யப் போய்விட்டேன்.

இங்கே மாற்றலாகி வந்தபோது, பழைய குருமனையின் அலமாரி மேலிருந்து அந்தப் பொம்மை அட்டைப்பெட்டியோடு இறங்கிற்று. மின்கலம் கசிந்து முதுகெல்லாம் பச்சை பூத்திருந்தது. மகள் அதைத் துடைத்துக்கொண்டே, கோபம் ஏதுமின்றி, வானிலையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்: "அந்த வருஷம் நாம சேர்ந்து ஸ்டார் செய்யலாம்னு சொன்னீங்கப்பா." பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தையுமில்லை. இத்தனை ஆண்டுகளாக அவளிடம் தங்கியிருந்தது நான் வாங்கிக் கொடுத்த பொருளன்று. நான் கொடுக்காமற்போன மாலைப்பொழுது.

அவளுக்கு மகிழ்ச்சியாக நினைவிலிருப்பது எது என்று பின்னொரு நாள் கேட்டேன். என் மொபெட்டின் பின்னால் அமர்ந்து ஒரு கிராம ஆலயத்துக்கு வந்தபோது மழையில் டயர் பஞ்சராகி, ஒரு டீக்கடைச் சாய்ப்பில் இருவரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த நாளைச் சொன்னாள். எனக்கு அது ஆராதனைக்குத் தாமதமான, எரிச்சல் மிகுந்த நாள். அவளுக்கோ அப்பா எங்கேயும் ஓட முடியாமல் பக்கத்திலேயே இருந்த நாள்.

பிரியமானவர்களே, இதே கண்ணோட்டத்தில் வேதத்தைத் திறந்து பாருங்கள். தேவன் தம் ஜனத்தின் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படிக் கொடுத்தார்? லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் கூடாரப்பண்டிகைக்கான கட்டளை இருக்கிறது. வீடு வாசல் உள்ளவர்களும் ஏழு நாள் அவற்றை விட்டு வெளியே வந்து, மரக்கிளைகளால் குடிசை போட்டு அதில் தங்கவேண்டும். எதற்காக? முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்ததைப் பின்வரும் சந்ததியார் அறியும்படிக்கு. அதை ஏட்டில் எழுதிப் படித்துக்காட்டினால் போதாதா? போதாது என்று தேவன் கண்டார். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் இதை மறுபடியும் கைக்கொண்டபோது, தங்கள் வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் குடிசை போட்டார்கள் என்று நெகேமியா 8ஆம் அதிகாரம் சொல்லுகிறது. மொட்டைமாடியில் ஓலைக் கூரைக்கடியில் தகப்பனோடு படுத்து, இலை இடுக்கில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு உறங்கிய ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு வனாந்தரப் பயணத்தைப் பற்றி வேறு பாடம் வேண்டுமா?

பஸ்காவும் அப்படித்தான். இந்த ஆராதனையின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லவேண்டும் என்கிறது யாத்திராகமம் 12. கேள்வி பிள்ளையிடமிருந்து பிறக்கவேண்டுமானால், அவன் அந்த மேசையில் அமர்ந்து, கசப்பான கீரையைத் தின்றிருக்கவேண்டும்.

நம் ஆண்டவருடைய பிள்ளைப்பருவத்தைக் குறித்து நமக்குச் சொல்லப்பட்டவை மிகச் சில. யோசேப்பு தச்சர்; மரத்தில் எதையேனும் செதுக்கி விளையாடக் கொடுத்திருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போய்வந்த பயணத்தையே லூக்கா எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்திலிருந்து எருசலேம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். பல நாள் நடை. உறவினரும் அறிமுகமானவர்களும் கூட்டமாகப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் யாருடனோ இருப்பான் என்று பெற்றோர் ஒருநாள் பயணம் முழுவதும் கவலையின்றி நடந்தார்கள் என்றால், அது எப்படிப்பட்ட கூட்டமாக இருந்திருக்கும்! நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கூட்டத்தை நாம் கொடுத்திருக்கிறோமா என்பதே என் கவலை.

இனி மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். பொருளைவிட அனுபவமே மக்களுக்கு நிலைத்த மகிழ்ச்சி தருகிறது என்று வான் போவன், கிலோவிச் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் எழுதிய ஆய்வு பலரால் எடுத்துக்காட்டப்படுகிறது. நானும் பிரசங்கத்தில் சொன்னதுண்டு. ஆனால் அவர்கள் பேசியது பெரியவர்களைப் பற்றி. 2020இல் வேறு சில ஆய்வாளர்கள் பிள்ளைகளையே ஆராய்ந்தபோது, சிறு பிள்ளைகளுக்குப் பொருளே அதிக மகிழ்ச்சி தருகிறது என்றும், வளர வளரத்தான் அனுபவம் முன்னால் வருகிறது என்றும் கண்டார்கள். நடந்ததை நினைவில் வைத்து அதன் அருமையை உணரும் திறன் மெல்ல மெல்லத்தான் முதிருகிறது என்பதே அவர்கள் காட்டும் காரணம். ஆகையால் நான்கு வயதுக் குழந்தையிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு, உனக்கு இடையன்குடி போதும் என்று நான் சொல்லப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் சபையில் பீடி சுற்றி வாரக்கூலி வாங்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு மகனுக்கு ஒரு சட்டை எடுக்கிறவளிடம் போய், பொருளில் என்ன இருக்கிறது சகோதரி என்று பேசுகிறவன் மேய்ப்பன் அல்ல. மாற்றுடுப்பு இல்லாத பிள்ளைக்குப் புதுச்சட்டை வெறும் பொருளன்று. அதை உடுத்திக்கொண்டுதான் அவன் மற்றப் பிள்ளைகளோடு தலை நிமிர்ந்து ஆலயத்துக்குள் வருகிறான். வீட்டில் எல்லாம் நிறைந்திருப்பவர்களையும், எல்லாம் நிறைந்தபின்னும் இன்னும் எதை வாங்கிப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது என்று கடை கடையாய் ஏறி இறங்குகிறவர்களையும் நோக்கியே நான் பேசுகிறேன். அவர்களில் ஒருவனாக நானே இருந்தேன்.

வேதத்தில் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு ஆடைகளை நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஒன்று யாக்கோபு யோசேப்புக்குச் செய்வித்த பலவருண அங்கி. விலையுயர்ந்தது, பாசத்தின் அடையாளமும்கூட. ஆனால் அது ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தது. இறுதியில் இரத்தம் தோய்ந்து அதே தகப்பன் கையில் வந்து விழுந்தது. மற்றொன்று அன்னாள் சாமுவேலுக்குத் தைத்தது. அவள் பிள்ளை சீலோவில் தேவாலயத்தில் இருக்கிறான். ஆண்டுக்கொருமுறை கணவனோடு பலியிடப் போகும்போது, சிறிய மேலாடை ஒன்றைத் தைத்து எடுத்துப் போகிறாள். அந்த ஆடையை அவள் எந்த அளவில் தைத்திருப்பாள்? சென்ற ஆண்டு பார்த்த உயரத்தோடு, பாராத ஓர் ஆண்டின் வளர்ச்சியையும் கூட்டி, மனத்தினாலேயே அளந்து தைத்திருப்பாள். ஆடை சிறியது; ஆனால் அதற்குப் பின்னால் ஓர் ஆண்டு நினைவும் ஒரு பயணமும் இருந்தன.

இதைப் படிக்கிறவர்களில் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் சபைச் சகோதரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்குச் சட்டை வாங்கவேண்டும், அளவு தெரியவில்லை என்று மனைவியிடம் கேட்டாராம். மனைவி சொன்ன அளவைக் கேட்டதும், இவ்வளவு வளர்ந்துவிட்டானா என்று கடையிலேயே கண் கலங்கினாராம். "பொருள் அனுப்புறதத் தவிர என்னால வேற என்ன முடியும் ஐயா?" என்றார். அனுப்புங்கள் சகோதரரே. அன்னாளும் அனுப்பினாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊருக்கு வரும் அந்த முப்பது நாட்களில் ஒரு முழு நாளை மகனுக்கென்று மட்டும் ஒதுக்கிவையுங்கள். சொந்தக்காரர் வீடு, நிலப்பத்திரம், வங்கி, கல்யாணம் என்று முப்பது நாளும் மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டபின், மிச்சத்தை அவனுக்குக் கொடுக்காதிருங்கள். அதுவரை, வாரத்தில் ஓர் இரவு ஒரே அதிகாரத்தை அவன் அங்கிருந்து வாசிக்க, நீங்கள் இங்கிருந்து கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். 'இங்கே', 'அங்கே' இரண்டையும் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அவர் சிரித்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மாற்கு சுவிசேஷம் நடந்துகொண்டிருக்கிறது.

அனுபவம் என்ற சொல்லும் இப்போது கடைச்சரக்காகிவிட்டது என்பதையும் கவனியுங்கள். பிள்ளையைப் பெரிய வணிக வளாகத்து விளையாட்டுக் கூடத்துக்குள் அனுப்பிவிட்டு, வெளியே நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தகப்பன், பொம்மைக்குப் பதிலாக வேறொரு பொம்மையை வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்த நாளில் பாதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் படம் எடுப்பதிலேயே கழிகிறது. விலை அதிகமான அனுபவம் ஆழமான அனுபவம் என்று யாரும் எண்ணவேண்டாம். பண்டிகைக்கு முந்தின வாரம் முறுக்கு சுடும் அடுப்படியில், அச்சைப் பிழிய மகனையும் விடுங்கள். கோணல் மாணலாகத்தான் விழும், விழட்டும். கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பாட்டனின் கல்லறைக்கு வெள்ளையடிக்கும் வேலையில் பாதியை அவனிடம் கொடுத்து, பாட்டன் எப்படிப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டே மறுபாதியை நீங்கள் அடியுங்கள். கீத பவனியில் பிள்ளை மட்டும் பாடப் போகவேண்டாம், நீங்களும் கூடப்போங்கள். இதில் எதற்கும் காசு இல்லை. நேரம்தான் வேண்டும், அதுதான் நம்மிடம் கேட்கக் கூடாத பொருளாகிவிட்டது.

மூத்த குமாரனை நினைத்துக்கொள்கிறேன். ஒரு வெள்ளாட்டுக் குட்டிகூட எனக்குக் கொடுக்கவில்லையே என்று அவன் கணக்குப் பார்க்கிறான். அவன் கேட்ட விருந்திலும் தகப்பனுக்கு இடமில்லை. நண்பர்களோடு களிக்கவே கேட்கிறான். தகப்பனோ ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகன் எந்நாளும் தன்னோடு இருந்துவந்ததையே முதலாவது எடுத்துச் சொல்லுகிறார். இத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் அது அவனுக்கு ஓர் ஈவாகத் தெரியவில்லை. நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்காத பொருள்களைக் கணக்கிட்டு அழுகிறோமே, கூட இருத்தல் ஒரு ஈவு என்று அவர்களுக்கு எப்போதாவது காட்டியிருக்கிறோமா? தேவன் நமக்கு வானத்திலிருந்து ஒரு பொருளை அனுப்பிவைக்கவில்லையே. தாமே வந்து நம் நடுவில் தங்கினார். இந்தப் பண்டிகையே அதற்குத்தான்.

சரி, ஏன் இடையன்குடி? அங்கே பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்க ஒரு கதை இருக்கிறது. 1838இல் சென்னைக்கு வந்த கால்டுவெல் என்ற இளைஞர், நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே தெற்கே வந்து, 1841இல் அந்த மணற்காட்டு ஊரில் தங்கினார். பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். தெருக்களைத் திட்டமிட்டு அமைத்தார், மரம் நட்டார். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகம் அறியும். அந்த ஊர் ஆலயத்துக்கு 1847இல் தொடங்கிய வேலை முடிந்தது 1880இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! தொடங்கியபோது கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் முடிவைப் பார்த்தார்களோ! எல்லாவற்றையும் விரலால் தட்டிய நொடியில் வரவழைக்கும் நம் பிள்ளைகள், அந்தத் தூணில் கை வைத்துக்கொண்டு, அவர்கள் வயதில் அடித்தளத்தைப் பார்த்த ஒருவன் பாட்டனாகித்தான் கோபுரத்தைப் பார்த்திருப்பான் என்று கேட்கட்டும். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மாலையில் பக்கத்திலுள்ள உவரிக் கடற்கரையில் கொஞ்ச நேரம் அலையில் நின்றுவிட்டுத் திரும்பலாம்.

மூப்பர் ஐயா கேட்டபடி கையில் ஏதாவது மிஞ்சவேண்டும் என்றால், அதற்கும் வேதத்தில் வழியிருக்கிறது. யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் இவை என்ன என்று கேட்பதற்காகவே. கல்லுக்குத் தன்னளவில் விலையில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒருவன் கூட நடந்திருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் உவரிக் கரையில் ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். டிபன் பாக்ஸைவிட அது அலமாரியில் குறைந்த இடத்தையே அடைக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை. பிள்ளையோடு தகப்பனோ தாயோ கட்டாயம் வரவேண்டும். இருவரும் வரமுடியாத வீட்டுப் பிள்ளையை, சபையில் ஒரு குடும்பம் அன்றைக்குத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு அழைத்துவரும். அதற்கு ஏற்கெனவே ஆறு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒருநாள் கூலியைக் காணிக்கைப் பணத்திலிருந்து ஈடுசெய்வது பற்றியும் குழுவில் பேசவிருக்கிறோம். புத்தாடை இல்லாத பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் உடுப்பு கொடுப்பார்கள். அதில் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடைபெறும். உங்கள் எண்ணத்தை, எதிர்ப்பானாலும், அதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். மூப்பர் ஐயாவிடம் நேற்றுப் பேசினேன். இன்னும் முழு மனது வரவில்லை. ஆனால் எத்தனை மணிக்குப் புறப்படுவது, இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவதா, வழியில் பார்ப்பதா என்று கேட்டார். அவருடைய பேரனுக்கு ஏழு வயது.

என் மகளுக்கு அன்று கல்லூரி விடுமுறை, அவளும் வருகிறாள். ஜன்னலோர இருக்கை தனக்கு என்று முன்பதிவு செய்துவிட்டாள். முந்தின சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் நான் யாரையும் சந்திக்க இயலாது, பொறுத்தருளவேண்டும். அன்று குருமனைத் திண்ணையில் மூங்கில் சிம்பு சீவுகிற வேலை இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சேகர குரு